பக்கத்து வீட்டு ஆக்சிஜன்

நவம்பர் 9

ஒல்லிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீ நலமான்னு கேட்கமாட்டேன். கேட்டா போன்ல சொல்ற மாதிரி "சூப்பரா இருக்கேன்"னு புளுகுவே. கடிதத்துல பொய் எழுத உனக்குச் சோம்பேறித்தனம், அதனால கடிதமே போடு.

இத்தோட ஹார்ட் டிஸ்க் வருது. துணி சுத்தி, அதுக்கு மேல மாமாவோட பழைய பனியன் சுத்தி அனுப்பியிருக்கேன். மூக்கைப் பிடிக்காதே, துவைச்சதுதான். இங்க இருக்கிற இன்டர்நெட்ல இந்தப் படங்களை அனுப்பினா நம்ம பேரப்பிள்ளைங்க காலத்துலதான் வந்து சேரும்.

போன வருஷம் கேமராவுல ஹைட்ரஜனோட வெளிச்சத்தை மட்டும் உள்ள விடுற பில்டர் போட்டு வானத்தை எடுத்தோமே, அந்தக் குமிழ் எப்படி வந்துச்சு! உள்ளே ஒரு பெரிய நட்சத்திரம் ஊதி ஊதி வீங்கிப் போன குமிழ்னு நீ எழுதியிருந்தே. இந்த வருஷம் நீ அனுப்பின ஆக்சிஜன் பில்டரை மாட்டி, நம்ம பம்ப் ஸ்டேஷன் மொட்டை மாடியிலிருந்து அதே இடத்தை எடுத்திருக்கேன். ஆக்சிஜனும் வந்துட்டா உன் படம் முடிஞ்சுது. அடுக்கிப் பார்த்துச் சொல்லு.

"பக்கத்து வீடு"ன்னு நீ வச்ச பேரு இங்க நிலைச்சுப் போச்சு. "பக்கத்து வீடு எழும்பிடுச்சா?"ன்னு மாமா சத்தமாக் கேட்டதைப் பைப் பிட்டர் கேட்டுட்டார். சுத்தி ஒரே பொட்டல் காடாச்சே, எந்தப் பக்கத்து வீடுன்னு முழிச்சார். நம்ம பால்வீதிக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி கேலக்ஸிங்க, குன்றுக்கு மேல வெள்ளையாத் தெரியுதே அதுதான்னு காட்டினேன். "மேகம்னு நினைச்சேம்மா"ன்னுட்டுப் போயிட்டார்.

மூணாவது மோட்டார் மறுபடி மக்கர் பண்ணுது. எஞ்சினியர் வந்து பார்த்து, "தட்டிக் கொடுத்து ஓட்டுங்கம்மா"ன்னார். மோட்டார் என்ன கன்னுக்குட்டியா?

டயாலிசிஸுக்கு ஒழுங்காப் போ. தண்ணி அளவாக் குடி. ஊருக்கே தண்ணி ஏத்தி விடுறவ தம்பிக்குத் தண்ணி குடிக்காதேன்னு எழுத வேண்டியிருக்கு, என் தலையெழுத்து.

உன்
அக்கா


நவம்பர் 24

பம்பு மகாராணிக்கு,

டிஸ்க் வந்தது, பனியனும் வந்தது. ரெண்டுல பனியன்தான் உபயோகப்படும் போல.

கோவிச்சுக்காதே. போகஸ் பிரமாதம், நட்சத்திரமெல்லாம் ஊசி முனை. எல்லாப் படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக் கூட்டினேன். குமிழ் இல்லை அக்கா. இருக்க வேண்டிய இடத்துல வெறும் இருட்டு.

யோசிச்சுப் பார்த்தேன். தப்பு என்னுது. பக்கத்து வீடு சும்மா நிக்கல, நம்மைவிட்டு விலகிட்டே இருக்கு. விலகிப் போறதோட வெளிச்சம் துளி சிவப்புப் பக்கம் நகரும். நம்ம லென்ஸோ வாய் அகலமான லென்ஸ், அது பில்டர் வெளிச்சத்தை உள்ள விடுற ஜன்னலை நீலப் பக்கம் தள்ளிவிடும். ஜன்னல் ஒரு பக்கம் போகுது, வெளிச்சம் இன்னொரு பக்கம் போகுது. நான் ஆசைப்பட்டு வாங்கினதோ இருக்கிறதிலேயே ஒடுக்கமான பில்டர். குமிழோட ஆக்சிஜன் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. ஹைட்ரஜன் பில்டர் கொஞ்சம் அகலம், அதனால தப்பிச்சுது. அகலமான ஆக்சிஜன் பில்டர் ஒண்ணு இத்தோட அனுப்புறேன். பழசைக் கழட்டிட்டு இதை மாட்டி எடு.

இன்னொண்ணு. போன்ல சொன்னா கத்துவே, அதனால எழுதுறேன். இந்தப் படம் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட "போதும் சார்"னு சொல்லப் போறேன். டயாலிசிஸை நிறுத்திக்கிறேன்.

உன் கிட்னியைத் தர்றேன்னு மறுபடி ஆரம்பிக்காதே. உனக்குச் சர்க்கரை, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. வேற யாராவது கொடுத்தாலும் என் இதயம் ஆபரேஷனைத் தாங்காதுன்னுட்டாங்க. அந்தக் கதை முடிஞ்சது. ஒரு நாள் மெஷின். மறுநாள் பாதி வரைக்கும் படுக்கை. மிச்சம் பாதிதான் என்னுது, அதுல இந்தப் படத்தை வச்சிருக்கேன். அப்புறம் மறுபடி மெஷின்.

ஆயுசு பூரா ஸ்டூடியோவுல "தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க"ன்னு சொல்லி, அடுத்தவங்க மருவை அழிச்சே காலம் போச்சு. எந்த விண்ணப்பத்துலயும் ஒட்ட முடியாத படம் ஒண்ணாவது எடுக்கணும்னு ஆசை. அதுக்காகத்தான் இருக்கேன். முடிச்சுட்டுப் போறேன், விடு.

அன்புள்ள
ஒல்லி
(இப்போ முகமெல்லாம் வீங்கி குண்டாத்தான் இருக்கேன், பழைய பேரே இருக்கட்டும்)


டிசம்பர் 6

டேய்,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு மோட்டாரை ஆன் பண்ணினவ, வால்வைத் திறக்க மறந்துட்டேன். பைப்பெல்லாம் அதிர ஆரம்பிச்சுது. மாமா ஓடி வந்து திறக்கலன்னா ஊரே தண்ணியில்லாம தவிச்சிருக்கும், எனக்கு வேலையும் போயிருக்கும். எல்லாம் உன் "போதும் சார்"ஆல. நீ என்ன ஹோட்டல்ல உட்கார்ந்து, சோறு போதும்னு கையைக் காட்டுறியா?

அந்தப் பேச்சை விட்டுரு. இன்னொரு வாட்டி எழுதினே, அந்தக் கடிதத்தை அப்படியே கிழிச்சுத் திருப்பி அனுப்புவேன். அம்மா போறப்போ உன் கையை என் கையில வச்சுட்டுப் போனா. இழுத்துக்கிட்டு ஓடலாம்னு பார்க்காதே.

பில்டர் வந்துச்சு. மாட்டிட்டேன். இருட்டினதும் மேல போய் நீ சொன்னபடியே எடுத்தேன். டிஸ்க் இத்தோட வருது.

ராத்திரி சாப்பாட்டைத் தட்டிக் கழிக்காதே. உப்பு குறைச்சுக்கோ. வேலை செய்ற அம்மா ஊறுகாய் வச்சா மூடி வச்சிரு.

அக்கா


டிசம்பர் 22

அக்காவுக்கு,

இதுலயும் இல்லை.

முதல்ல என் கணக்குதான் தப்போன்னு நினைச்சேன். மறுபடி போட்டேன். மெஷின்ல படுத்துக்கிட்டு, ஊசி குத்தாத கையால மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி போட்டேன். கணக்கு சரியா இருக்கு. குமிழ் மட்டும் இல்லை. நான் பார்க்கிறது தப்பா? கண்ணும் போகுதா? இல்ல அங்க ஆக்சிஜனே இல்லையா? பெரிய டெலஸ்கோப் வச்சிருக்கிறவங்க எல்லாரும் இருக்குன்னு சொல்றாங்களே.

நடுவுல ஒரு நாள் மெஷின்ல இருக்கும்போதே பிரஷர் இறங்கிடுச்சு. நர்ஸ் கன்னத்துல தட்டி எழுப்பினாங்க. முழிச்சதும் நான் கேட்ட முதல் கேள்வி "கூரியர் வந்துச்சா?" பாவம், அந்தப் பொண்ணு பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டுது.

பிப்ரவரி தாண்டினா பக்கத்து வீடு சீக்கிரம் சாய்ஞ்சுரும். அடுத்த வருஷம் வரைக்கும் என்னால முடியாது அக்கா. மிரட்டல் இல்ல இது. முடியாது, அவ்வளவுதான். இன்னொரு தடவை எடு. பில்டர் நேராப் பூட்டியிருக்கான்னு பாரு. பில்டர் மாத்தினா ப்ளாட்டும் புதுசா எடுக்கணும், மறந்துடாதே. பொழுது சாயும்போது லென்ஸ் மேல வெள்ளைத் துணி கட்டி வெறும் வெளிச்சத்தைப் படம் எடுப்போமே, அதுதான். தூசி நிழல் எங்கெங்க விழுதுன்னு தெரிஞ்சாத்தான் நான் அழிக்க முடியும்.

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஜனவரி 8

என் ஒல்லிக் கண்ணுக்கு,

எடுத்தாச்சுடா. நிலா இல்லாத நாளாப் பார்த்து, பனி லென்ஸ் மேல உட்காராம ஹேர் டிரையர் வச்சுக் காய வச்சு எடுத்தேன். "உன் தலைக்கு ஒரு நாள் இவ்வளவு நேரம் காட்டியிருக்கியா?"ன்னு மாமா கிண்டல் பண்ணினார். ப்ளாட்டும் எடுத்து வச்சிருக்கேன்.

இதுலயும் வரலன்னா வரலடா. உலகத்துல எல்லாப் படமும் முடியுதா என்ன? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். பக்கத்து வீடு எங்க ஓடிடப் போகுது? நீ உடம்பைப் பார்த்துக்கோ. நீ மெஷினுக்கு ஒரு நாள்கூட விடாம வர்றதா நர்ஸ் போன்ல சொன்னாங்க. அதைக் கேட்டப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குச்சு.

அடுத்த வருஷம் வேற லென்ஸ்கூட வாங்கலாம்னு மாமா சொல்றார். நீயே நல்லதாப் பார்த்து வை.

உன் மேல உயிரா இருக்கிற
அக்கா


ஜனவரி 20

அக்கா,

ஓடிட்டுத்தான் இருக்கு. அதைத்தான் நவம்பர்லயே எழுதினேன்.

உன் புது ப்ளாட்டைத் திறந்தேன். வலது பக்கம் மேல ஒரு தூசி வளையம், வளையல் மாதிரி. பக்கத்துல முடி போல ஒரு கோடு. எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு நவம்பர் ப்ளாட்டை எடுத்துப் பார்த்தேன். அதே வளையல். அதே முடி. அதே இடம்.

தூசி கேமராவுல இருந்தா ஹைட்ரஜன் ப்ளாட்லயும் தெரியணும். தெரியல. அப்போ அது பழைய ஆக்சிஜன் பில்டர் மேல இருக்கிற தூசி. நான் அனுப்பின புதுசோ, கடை டப்பாவைப் பிரிக்காமலே அனுப்பினது. பழசுல இருந்த தூசி தானே எழுந்து போய்ப் புதுசுல அதே இடத்துல உட்காருமா? ஸ்டூடியோக்காரன்கிட்டயே தூசியைக் காட்டி ஏமாத்தப் பார்த்தியே.

நீ பில்டரை மாத்தவே இல்லை.

ஏன்னு கேட்கமாட்டேன், தெரியும். படம் முடியாத வரைக்கும் நான் மெஷினுக்குப் போவேன்னு உனக்குத் தெரியும். போனேன். பிரஷர் இறங்கி வாந்தி எடுத்துக்கிட்டுப் போனேன். கையில ஊசி இறங்க இடமில்லாம கழுத்துல குழாய் போட்டப்போகூட, அடுத்த டிஸ்க்ல வந்துரும்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். என் கண்ணையே நான் சந்தேகப்பட்டேன். நீ அங்க உட்கார்ந்து ஹேர் டிரையர் கதை எழுதிட்டிருந்தே.

என்னை எவன் ஏமாத்தியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

(கையெழுத்துப் போடப் பிடிக்கல)


ஜனவரி 25

டேய் ஒல்லி,

ஆமாடா. மாத்தல. இப்போ என்னங்கிறே?

புது பில்டர் அரிசி டப்பாவுக்குள்ள இருக்கு. உன் "போதும் சார்"ஐப் படிச்ச அன்னைக்கே உள்ள போட்டுப் புதைச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் பழசையே வச்சு எடுத்தேன். ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சே பனியில நின்னு எடுத்தேன். எடுக்காமலே எடுத்தேன்னு சொல்ல முடியுமா, டிஸ்க் கேட்பியே! ப்ளாட்டை மட்டும் புது பில்டர் போட்டு எடுத்து உன்னை நம்ப வைக்கலாம்னு எனக்கும் தோணுச்சு. கை வரல. அது என்ன புத்தியோ, தம்பியை ஏமாத்துவாளாம், ப்ளாட்டை ஒழுங்கா எடுப்பாளாம்.

நீ திட்டு. எவ்வளவு வேணா திட்டு. திட்டுறதுக்கு நீ இருக்கே இல்ல, எனக்கு அது போதும். நான் நல்லவ இல்ல, நியாயம் தெரிஞ்சவ இல்ல. அப்பாவும் போயாச்சு, அம்மாவும் போயாச்சு. என்னை "அக்கா"ன்னு கூப்பிட உலகத்துல யாரு இருக்கா? ஸ்டேஷன்ல "ஆப்பரேட்டரம்மா"ங்கிறாங்க. மாமா "இந்தா"ங்கிறார். நீ போயிட்டா அந்த வார்த்தையோட நான் என்ன பண்றது?

அனுப்பமாட்டேன். படம் முடியாது. நீ மெஷினுக்குப் போ.

அக்கா
அக்கா
அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நீ மூணு தடவை கையெழுத்துப் போட்டதைப் பார்த்துக் கோபம் போயிடுச்சு. கோபப்படறதுக்கும் தெம்பு வேணும், அது வேற விஷயம்.

என் ஒரு நாளைச் சொல்றேன், கேட்டுக்கோ. காலையில எழுந்ததும் மருந்து டம்ளர்ல தண்ணி அளந்து வைப்பேன். இருமல் மருந்தோட ஓசியா வருமே, அந்தக் குட்டி டம்ளர். நாள் முழுக்க அதுல சில தடவைதான். மிச்ச நேரத்துக்கு ஐஸ் துண்டைக் கன்னத்துல அடக்கிக்கிறேன். எதிர் வீட்டுல தொட்டி நிரம்பி வழியிற சத்தம் கேட்கும். எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். கனவு வந்தா ஒரே கனவுதான், உன் ஸ்டேஷன் குழாயில வாய் வச்சுக் குடிச்சுக்கிட்டே இருக்கேன், நீ பக்கத்துல நின்னு "டேய் சட்டை நனையுது"ன்னு கத்துறே. முழிச்சா நாக்கு மரக்கட்டையா இருக்கும்.

சாகணும்னு ஆசை இல்ல அக்கா. இப்படி இருக்கிறதுதான் முடியல. ரெண்டும் ஒண்ணு இல்ல, நீ ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத் தவிக்கிறே.

படம் முடியலன்னாலும் என் முடிவு மாறாது. இந்த மாசம் முடிஞ்சதும் டாக்டரைப் பார்க்கிறேன். படம் இல்லாமப் போவேன், அவ்வளவுதான் வித்தியாசம். உன் கையால ஒண்ணு வாங்கிட்டுப் போகலாம்னு பார்த்தேன். முடிஞ்சா கொடு. முடியலன்னா உன்மேல வருத்தம் இல்ல. இதை நிஜமாத்தான் எழுதுறேன்.

ஒல்லி


பிப்ரவரி 15

ஒல்லிக்கு,

உன் கடிதத்தை மாமாகிட்ட கொடுத்தேன். படிச்சார். நேரா சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவுல கையை விட்டார். பில்டரைத் துடைச்சு என் முன்னாடி வச்சுட்டு வெளியே போய் நின்னுக்கிட்டார். அந்த மனுஷன் மேல அன்னைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல.

நிலா போகிற வரைக்கும் பொறுத்து மாட்டினேன். அரிசித் தூசி ஒட்டியிருக்கும்னு ஊதி ஊதிப் பார்த்தேன். முதல் படம் திரையில விழுந்ததும் எழுந்து நின்னுட்டேன். தெரியுதுடா. அடுக்காம, கூட்டாம, ஒரே ஒரு படத்துலயே குமிழோட ஒரு ஓரம் லேசா வளைஞ்சு தெரியுது. நீ போட்ட கணக்கு அப்படியே சரி. உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கீழேயிருந்து மாமா "வரலியா?"ன்னு கேட்டார். "வந்துடுச்சுங்க"ன்னேன். அப்புறம் அவரும் மேல வரல.

வானம் தெளிஞ்ச எல்லா நாளும் எடுத்தேன். ப்ளாட் இருக்கு. புதுசு, வளையல் இல்லாதது. டிஸ்க் சுத்தின பனியனும் வேற.

மெதுவாப் பண்ணு. உனக்கு அவசரம்னு தெரியும். எனக்காகக் கொஞ்சம் மெதுவாப் பண்ணு.

அக்கா


மார்ச் 2

பம்பு மகாராணிக்கு,

நீ கேட்டபடி மெதுவாத்தான் பண்ணினேன். நட்சத்திரத்தை ஒவ்வொண்ணாத் தொட்டுப் பார்த்தேன்னு வச்சுக்கோ. ஸ்டூடியோவுல கல்யாணப் பொண்ணு படத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்ல.

பிரிண்ட் போட்டு இத்தோட அனுப்புறேன். சிவப்பு, ஹைட்ரஜன். அதுக்குள்ள நீலமாச் சுத்தி வளைஞ்சிருக்கு பாரு, அதுதான் நீ அரிசிக்குள்ள புதைச்சு வச்ச ஆக்சிஜன். நடுவுல இருக்கிற சின்னப் புள்ளிதான் இத்தனையையும் ஊதின நட்சத்திரம்.

இன்னொரு விஷயம் கேட்டா சிரிப்பே. புது பில்டர்ல நட்சத்திரம் கொஞ்சம் ஊதிப்போய் வந்துச்சு, என் முகம் மாதிரி. ஒடுக்கமான பில்டர்லதான் ஊசி முனையா இருக்கும். அதனால குமிழை உன் உண்மையிலிருந்தும், நட்சத்திரங்களை உன் பொய்யிலிருந்தும் எடுத்துக்கிட்டேன். பனியில நின்னு எடுத்தது ஒண்ணும் வீண் போகல.

வலது பக்கம் மேல உத்துப் பாரு. ஒரு வளையல் தெரியும். ஆயுசு பூரா ஒரு மருவை விட்டு வைக்காதவன், இதை அழிக்காம விட்டிருக்கேன். யாராவது கேட்டா அது எங்க அக்கான்னு சொல்லிக்கோ.

நேத்து டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசினார். வலி இல்லாம பார்த்துக்கிறோம்னார். அடுத்த மெஷின் நாளுக்கு நான் போகலை. வீட்டுலதான் இருப்பேன்.

நீ வருவியா? திட்டுறதுன்னாலும் வந்து திட்டு.

உன்
ஒல்லி


மார்ச் 6

ஒல்லி,

படம் வந்துச்சு. மோட்டார் ரூம்ல பிரஷர் மீட்டருக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். மூணாவது மோட்டாரைத் தட்டிக் கொடுக்க வந்த எஞ்சினியர், "யாரும்மா எடுத்தது?"ன்னு கேட்டார். "நானும் என் தம்பியும்"னேன். அந்த மூலையில ஏதோ கறை மாதிரி இருக்கேன்னார். "அது அப்படித்தான் சார் இருக்கும்"னு சொல்லிட்டேன்.

திட்டமாட்டேன். திட்டித் தீர்த்தாச்சு. நீ முடிவு பண்ணினது சரியான்னு எனக்கு இன்னும் தெரியல. இன்னொரு பில்டர் இருந்தா இன்னொரு தடவையும் ஒளிச்சு வைப்பேன், அதையும் சொல்லிடுறேன். ஆனா வர்றேன்.

என் ஷிப்டுக்கு மாத்து ஆள் நாளைக் காலையிலதான் வர்றான். வந்ததும் முதல் பஸ். கை சும்மா இருக்கமாட்டேங்குது, அதனால இதை எழுதி, டவுனுக்குப் போற வண்டியில கொடுத்து விடுறேன். கூரியர்காரன் எனக்கு முன்னாடி வந்துருவான்.

உன் டாக்டருக்குப் போன் பண்ணினேன். இனிமே அவன் தண்ணி குடிக்கலாமான்னு கேட்டேன். "கேட்கிறப்போல்லாம் கொடுங்கம்மா, ஆசை தீரக் குடிக்கட்டும்"னார். போனை வச்சுட்டு மோட்டார் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் ஒண்ணும் கேட்காது.

பெரிய கேன்ல தண்ணி கொண்டு வர்றேன். நம்ம ஸ்டேஷன் குழாய்த் தண்ணி. பஸ்ல கனக்கும், அங்கே தண்ணியே கிடைக்காதான்னு மாமா சொல்லுவார்னு நினைச்சேன். சொல்லல. அவரே கேனைக் கழுவி, நிரப்பி, மூடியை இறுக்கி வாசல்ல வச்சிருக்கார்.

அந்த மருந்து டம்ளரைத் தூக்கிப் போடு. வீட்டுல இருக்கிறதிலேயே பெரிய சொம்பா எடுத்து வை. சட்டை நனைஞ்சா நனையட்டும்.

அக்கா